சிவப்பு மூடிப் பாத்தி

பிப்ரவரி 4

தோட்டக்காரருக்கு,

நலம். நலமறிய ஆவல் என்று எழுதினால் சிரிப்பீர்கள், ஆனாலும் ஆவல்தான். போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்திலேயே சண்டை வந்துவிடுகிறது. கடிதத்தில் சண்டை போட தபால்தலை ஒட்ட வேண்டும். அதற்குள் கோபம் ஆறிவிடும்.

ஓர் உதவி வேண்டும். இத்துடன் இரண்டு பாட்டில்கள் வரும். ஒன்றில் எங்கள் ஆய்வகத்தில் செய்த நானோ துத்தநாக உரம். இலையிலுள்ள துளைக்குள்ளேயே நுழைந்துவிடும் அளவுக்குப் பொடியானது. மூட்டை மூட்டையாகக் கொட்ட வேண்டாம், ஒரு குடம் தண்ணீருக்கு ஒரு மூடி போதும். இன்னொன்றில் அதே நிறத்தில் வெறும் தண்ணீர். எது எதில் என்று எனக்கே தெரியாது, பக்கத்து மேஜைக்காரர் நிரப்பினார். தெரிந்துவிட்டால் பார்த்துக்கொள்கிறவர் கை ஓரவஞ்சனை செய்யும் என்பதால் அப்படி ஒரு விதி.

தக்காளி நாற்றில் இரண்டு பாத்தி. சிவப்பு மூடி ஒன்றுக்கு, நீல மூடி மற்றதற்கு. காலை வெயில் ஏறும் முன் இலையில் தெளிக்க வேண்டும். கவனிப்பு இரண்டுக்கும் ஒன்றுதான்.

மறைக்க விரும்பவில்லை. இது ஜெயித்தால் என்னைக் கடல் தாண்டி ஒரு பெரிய பண்ணைக்கு அனுப்புவார்கள். ஐந்து வருடம். முடியாதென்றால் சொல்லிவிடுங்கள், வேறு ஆளைப் பார்க்கிறேன்.

இப்படிக்கு,
நான்தான்


பிப்ரவரி 13

டாக்டரம்மாவுக்கு,

பாட்டில்கள் உடையாமல் வந்தன. வேறு ஆளைப் பார்க்கிறாயாமே. இந்த ஊரில் எவனுக்கு நாற்று வளர்க்கத் தெரியும்?

நீ கிளம்பிய அன்று, "கண்ணுக்கே தெரியாத உரத்துக்காகக் கண்ணெதிரே நிக்கிறவனை விட்டுட்டுப் போறியா"னு கேட்டேன். அந்த உரம் இப்போது என் சமையலறை அலமாரியில், சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. அக்கா வந்திருந்தபோது ஏதோ சர்பத் என்று நினைத்துப் பாலில் ஊற்றப் போனாள். கடைசி நொடியில் பிடுங்கினேன்.

கல்யாணமான புதிதில் இருவரும் தகரக் கொட்டகையில் உட்கார்ந்து நாற்றுத் தட்டு கழுவுவோமே, நினைவிருக்கிறதா? நீ ஒவ்வொரு நாற்றையும் அதட்டுவாய். "ஒழுங்கா நில்லு, கூன் போடாதே." அந்த அதட்டல் இல்லாமல் இங்கே எல்லாம் கூன் போட்டுத்தான் நிற்கின்றன, என்னையும் சேர்த்து.

தோட்டக்காரன்


பிப்ரவரி 22

உங்களுக்கு,

பாலில் ஊற்றப் போன கதையைப் படித்துத் தனியாகச் சிரித்தேன். பக்கத்து மேஜைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார்.

என் அறை ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர். ஈர மண் வாசனை வேண்டுமென்றால் ஆய்வகத் தொட்டியில் மூக்கை வைக்க வேண்டும். கொட்டகையில் மழை பெய்யும்போது நாம் பேசுவது நமக்கே கேட்காது. கத்திக் கத்திப் பேசி, பிறகு பேச்சை விட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்போம். அப்போது அதன் அருமை தெரியவில்லை.

உங்களிடம் ஒரு குறை உண்டு. அன்று கேள்வி கேட்டீர்களே தவிர, போகாதே என்று சொல்லவில்லை.

நான்


மார்ச் 18

டாக்டரம்மாவுக்கு,

நல்ல செய்தி. சிவப்புப் பாத்தி நீலத்தைவிட அரை முழம் உயரம். தண்டு என் சுண்டுவிரல் பருமன், இலை கரும்பச்சை. ஜெயித்துவிட்டாய்.

முதல் நாளே எனக்குத் தெரியும். உனக்குச் சிவப்புதானே பிடிக்கும், உன் மருந்தை வேறு எந்த மூடிக்குள் வைப்பாய்? அதனால் உச்சி வெயிலில் அந்தப் பாத்திக்கு என் பழைய போர்வையைப் பந்தல் கட்டினேன். நத்தைகளை விடியலில் கையாலேயே பொறுக்கினேன். டீயைக்கூட அதன் பக்கத்தில் உட்கார்ந்துதான் குடித்தேன். நீலத்துக்கும் தண்ணீர் ஊற்றாமல் இல்லை, தப்பாக நினைக்காதே.

இது நன்றாக வளர வளர நீ தூரமாகப் போகிறாய் என்று தெரியும். தெரிந்தேதான் போர்வை கட்டினேன். நீ தோற்று வீடு திரும்பினால் எனக்கு அது சந்தோஷமாக இருக்காது. வேறென்ன எழுத? போய்ச் சேர்ந்ததும் முகவரி அனுப்பு.

தோட்டக்காரன்


மார்ச் 27

என்னவருக்கு,

உங்கள் கடிதத்தையும் அளவுகளையும் மேலாளர் மேஜையில் வைத்தேன். பக்கத்து மேஜைக்காரரை அழைத்து எந்த மூடி எது என்று கேட்டார்கள்.

சிவப்பு மூடியில் இருந்தது வெறும் தண்ணீர்.

மேலாளர், "யாரும்மா அந்தத் தோட்டக்காரர்? வெறும் தண்ணிக்கு இந்த வளர்ச்சியா?" என்று கேட்டார். "என் வீட்டுக்காரர் சார்" என்றேன். பிரிந்து வந்தபின் அந்த வார்த்தையை நான் வெளியே சொன்னது அதுதான் முதல்முறை. சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது.

சோதனை செல்லாது. எங்கள் உரம் நல்ல உரம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. மறுபடி வேறு தோட்டத்தில், நம்மை யாரென்றே தெரியாதவர் கையில் நடக்கும். உங்களிடம் கொடுத்தது என் மடத்தனம். நீங்கள் ஓரவஞ்சனை செய்யாமல் இருப்பீர்கள் என்று எப்படித்தான் நம்பினேனோ.

இனி அங்கே வருவதற்கு ஆராய்ச்சியைச் சாக்காகச் சொல்ல முடியாது. சாக்கு இல்லாமலே வருகிறேன், சனிக்கிழமை பஸ்ஸில். ஒரு மாதம் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். கடல் தாண்டுவதா வேண்டாமா என்பதை இந்த முறை உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து முடிவு செய்யலாம். போகாதே என்று சொல்லத் தோன்றினால் தயவுசெய்து வாயைத் திறந்து சொல்லுங்கள்.

நீலப் பாத்தி பாவம், பட்டினி கிடந்திருக்கும். நான் வரும்வரை அதைக் கொஞ்சம் கவனியுங்கள். அதுதான் என்னுடையது.

உங்கள் மனைவி