கஞ்சித் தொட்டிக்குப் போன சம்பங்கிக் கிழங்கு

விண்ணப்பதாரர்:
கைசர் ஜஹான்,
அப்துல் கய்யூம் அவர்களின் மனைவி,
ஆற்றங்கரைத் தோட்டம், அடையாறு, சென்னை.

சமுகம்:
உணவுப் பயிர்ப் பெருக்க ஸ்பெஷல் ஆபீசர் அவர்கள்,
தென் சென்னைப் பகுதி.

விஷயம்: சர்க்கார் பங்கு என்று என் கொட்டகையிலிருந்து எடுத்துச் செல்லப்பட்ட இரண்டு மூட்டைகளில் இருப்பது பூச்செடிக் கிழங்கு, அதை நாளை மத்தியானம் அகதிகளுக்குக் கஞ்சி ஊற்றும் மயிலாப்பூர்க் கஞ்சித் தொட்டியில் அவிக்காமல் தடுக்கக் கோருவது.

கனம் பொருந்திய ஐயா,

1. சர்க்காருக்கு மனு எழுதுவது எனக்கு இதுவே முதல் தடவை. மரியாதைச் சொற்களில் குறை இருந்தால் அவசரத்தை உத்தேசித்துப் பொறுத்துக்கொள்ள வேண்டும். அந்த மூட்டைகளில் இருப்பது சம்பங்கிக் கிழங்கு. பார்வைக்கு உரிக்காத வெங்காயம் போலிருக்கும். தின்றால் குடலைப் புரட்டிவிடும். இதை முதலில் சொல்லிவிட்டேன். இது எப்படி நேர்ந்தது என்பதைக் கீழே சொல்கிறேன்.

2. நான் பரம்பரைத் தோட்டக்காரி அல்ல. என் கணவர் பட்டாளத்துக்குச் சட்டை தைக்கும் வேலையாக வடக்கே போன பிறகு, வீட்டுக்குப் பின்னாலுள்ள நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்துப் பூ வைத்தேன். முதல் நடவு தண்ணீர் தேங்கி அழுகிப்போயிற்று. அடுத்த தடவை மேட்டுப்பாத்தி கட்டினேன், பிழைத்தது. பூவை உதிரியாகப் பறிக்காமல் நீளத் தண்டோடு வெட்டி, பங்களாக்களிலும் ஓட்டல்களிலும் ஜாடியில் வைக்க விற்பதுதான் என் யோசனை. மாட வீதிப் பூக்காரி ஒருத்தி, "காம்போட பூவை எந்தக் கொண்டையிலம்மா சொருவுறது?" என்று கேட்டுச் சிரித்தாள். சிரித்துவிட்டுப் போகட்டும். அடி மொக்கு விரிந்ததும் வெட்டினால் மேல் மொக்கு ஜாடியிலேயே மலரும் என்பது அவளுக்குத் தெரியாது. இப்போது பாத்தி முழுதும் தண்டு விட்டு நிற்கிறது. ஈஸ்டர் பண்டிகைக்கு இரண்டு சர்ச்சுகளில் கேட்டிருக்கிறார்கள். வைத்த பூவில் நான் பார்க்கப்போகும் முதல் பலன் அதுதான்.

3. பிழை ஒரு சொல்லில் நேர்ந்தது. நான் அந்நிய ஆண்கள் முன் வராத கோஷா முறையில் இருப்பவள். தங்கள் ஆபீஸ் ரைட்டர் துரைராஜ் அவர்கள், கிணற்று எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் பர்மிட் விஷயமாக வந்தபோது, வாசல் படுதாவுக்கு வெளியே நின்று, "நெலத்துல இன்னா போட்டுக்கினு கீறீங்கோ?" என்று கேட்டார். நான் உள்ளே நின்றபடி "கிழங்கு" என்றேன். சம்பங்கி வைக்கிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்லுவார்கள். அவர் சர்க்கரைவள்ளியை நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. புருஷன் ஊரில் இல்லாத வீட்டுக் கொல்லைக்குள் போகக்கூடாது என்று, தோட்டத்தை அவர் எட்டியும் பார்க்கவில்லை. அவர் மரியாதைக்கும் என் மரியாதைக்கும் நடுவே பூ உணவாகிவிட்டது. உணவுப் பயிர் என்ற பேரில் பர்மிட் வந்திருப்பதும், அதற்கு விளைச்சலில் சர்க்காருக்குப் பங்கு கொடுக்க வேண்டும் என்பதும் எனக்குத் தெரியாது. எண்ணெய் கிடைத்த சந்தோஷத்தில் நான் விசாரிக்கவுமில்லை.

4. இன்று காலை அதே ரைட்டர் இரண்டு சேவகர்களோடு வந்து, அடுத்த நடவுக்காக உலர்த்தி வைத்திருந்த கிழங்கை மூட்டையோடு வண்டியில் ஏற்றினார். அது பூவுக்கான கிழங்கு, தின்பதற்கில்லை என்று படுதாவுக்குப் பின்னாலிருந்து என் வாழ்நாளில் கத்தாத கத்தல் கத்தினேன். "இன்னாம்மா, அன்னிக்குக் கெயங்குன்னே, இன்னிக்குப் பூவுன்றே? குடுக்க மனசு வரலேன்னா அல்லாரும் இப்டித்தான் சொல்லிக்கினு கீறாங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். பதுக்கல்காரர்களோடு தினமும் மாரடிக்கும் மனிதர்; அவர் சந்தேகப்பட்டதில் தப்பில்லை. ஆனால் என் சொல்லை நம்பியிருக்க வேண்டிய ஒரே சமயம் அது.

5. என் தோட்டத்தில் வேலை செய்யும் வேம்பு என்பவள், சென்ற மாரியில் வெங்காயமென்று நினைத்து இந்தக் கிழங்கில் ஒரு பிடியை அரிந்து குழம்பில் போட்டுவிட்டாள். வாந்தி எடுத்துக் கண் செருகிக் கிடந்தவளை நான்தான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டேன். அவள் வளர்ந்த, உழைத்து உரமேறிய உடம்புக்காரி. அவளையே இன்று கஞ்சித் தொட்டிக்கு ஓடச் சொன்னேன். "ஆபீஸ் ஆர்டர் இல்லாம மூட்டையத் தொடமாட்டேன், போம்மா" என்று சமையற்காரர் விரட்டிவிட்டார். நாளைக் கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள அதைத்தான் அவிக்கப்போகிறார்களாம்.

6. தங்கள் சமுகத்தில் ஒளிவு மறைவு வேண்டாம். இந்த மனு எனக்கே கேடு என்று தெரிந்துதான் எழுதுகிறேன். பூ என்று என் கையாலேயே எழுதிக் கொடுத்தால் மண்ணெண்ணெய் நின்றுபோகும். உணவுப் பயிர் இல்லாத நிலத்தில் ஏர் ஓட்டிவிடுவதாகத் தண்டோராவும் போட்டாயிற்று. வாயை மூடிக்கொண்டிருந்தால் என் பாத்தி பிழைக்கும். பேனாவைக் கீழே வைத்துவிட்டு அப்படியும் யோசித்தேன். அங்கே தட்டோடு வரிசையில் நிற்பவர்கள் யுத்தத்துக்குத் தப்பிப் பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர்களும் அவர்கள் குழந்தைகளும். அந்தப் பசியில் ஒரு குழந்தை, கசக்கிறது என்று துப்பிவிடுமா? அதை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

7. ஆகையால், மூட்டைகளை நிறுத்தச் சொல்லித் தாங்கள் இரண்டு வரி எழுதி, இம்மனுவைக் கொண்டுவந்து தங்கள் ஆபீஸ் வாசலில் நிற்கும் வேம்புவிடமே கொடுத்தனுப்பும்படி மிகவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். தோட்டத்தைத் தாங்களே நேரில் வந்து பார்க்கலாம். கொல்லைக் கதவைத் திறந்தே வைத்திருக்கிறேன். ஈஸ்டர் வரை தண்டுகளை நிற்கவிட்டால், அதன்பின் பாதி நிலத்தில் கத்தரியோ கீரையோ, சொன்னதைப் போடுகிறேன். உத்தரவில் அதற்கும் இடமில்லை என்றால் நான் தர்க்கம் செய்யமாட்டேன். கஞ்சித் தொட்டிக்கு ஆள் இன்றே போகட்டும். என் தோட்டத்துக்கு ஏர் நாளைக்கு வரட்டும்.

இடம்: அடையாறு
தேதி: 8-4-1943

இப்படிக்கு,
தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
கைசர் ஜஹான்