அம்மா வாயால் ஒரு ‘அவ’

இன்று காலை குன்னூர் ஸ்டுடியோவில் ஒரு கல்யாண ஷூட்டிங்குக்காகக் காலர் மைக்கை எடுத்தேன். அதன் பஞ்சில் உன் பவுடர் வாசனை இன்னும் இருக்கிறது. கழுவ மனசு வரவில்லை. வேறு மைக்கைக் கொடுத்தனுப்பிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

எத்தனை நாள் அதைக் குத்திக்கொண்டு தேயிலைச் செடிகளுக்கு நடுவில் நின்று பேசியிருப்பாய்! பையன் என்று வளர்த்தவர்கள் முன்னால் நீ பெண்ணாகி நின்ற கதையை, பள்ளிக்கூட நாளிலிருந்தே உன்னைத் தெரிந்த, எஸ்டேட் லயனில் அடுத்த வீட்டுக்காரியான நான்தான் படம் பிடித்தேன். ஒருநாள் மூடுபனி வந்து ஷாட்டைக் கெடுத்த எரிச்சலில் “தள்ளி நில்லுடி” என்று கத்திவிட்டேன். நீ நகரவே இல்லை. இன்னொருக்கா திட்டு என்றாய். பைத்தியம் என்று சிரித்தேன். உனக்குக் கண் கலங்கியிருந்ததை எடிட்டிங்கில்தான் பார்த்தேன்.

உன் அம்மாவிடம் மட்டும் நம் பருப்பு வேகவில்லை. இலை பறித்துவிட்டு வந்து அலுப்போடு கேமரா முன்னால் உட்காருவார். என்னிடம் கண்ணு என்பவர் கேமராவுக்கு மட்டும் ‘ங்க’ போடுவார். சேலையில் இருக்கும் உனக்குத் தலை வாரிக்கொண்டே, “என்ற பையனுங்க, அவன் சின்னதுலயே அப்படித்தானுங்க” என்பார். எனக்குக் கோபம் கோபமாக வரும். நீதான் அடக்குவாய்.

“அம்மா ஒருநாள் ‘அவ’ன்னு சொல்லும். அதை எடுத்துட்டுத்தான் படத்தை முடிக்கோணும்.”

கடைசிக் காட்சியைக் காலியாக வைத்திருந்தோம்.

மஞ்சள் காமாலை பத்தே நாளில் உன்னைக் கொண்டுபோய்விட்டது. சொந்தக்காரர்கள் உனக்கு வேட்டி சட்டை போட்டார்கள். கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் பழைய பெயர், பழைய போட்டோ. அந்தக் காட்சிக்கென்று நாம் வாங்கிய பச்சைச் சேலை என் பையில்தான் இருந்தது. நான் எடுக்கவில்லை. பெற்றவளே பேசாமல் நிற்கும்போது நான் யார் என்று நினைத்தேன். கோழைத்தனம்தான், வேறென்ன.

போன வாரம் உன் அம்மாவிடம் சேலையைக் கொடுக்கப் போனேன். மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தார்.

“அவளுக்கு இதைக் கட்டி உட்டிருக்கலாம் கண்ணு.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கேமரா வீட்டில் கிடந்தது. போனை எடுத்து, இன்னொருக்கா சொல்லுங்கம்மா என்றேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“என்னத்தைச் சொன்னேன்?”

சொல்லித் தரலாம்தான். சொல்லித் தந்தால் அது உன் அம்மா சொன்னதாக ஆகாதே. போனை உள்ளே வைத்துவிட்டேன். படம் முடியாமல் அப்படியே கிடக்கிறது. அவர் சொன்னது என் காதில் மட்டும் இருக்கிறது. அதை உன்னிடம் எப்படிக் கொண்டுவந்து சேர்ப்பேன்?