எண்ணெய் போடாத கேட்

என் வம்புக்கார மச்சான் குமரேசா,

நீ போய் ரெண்டு மாசம் ஓடிப்போச்சு. உங்கக்கா சுமதி இன்னும் ராத்திரியானா உன் தட்டையும் சேர்த்து எடுக்கறா. அப்புறம் அதைத் திரும்ப அலமாரியில வைக்கிறா. நான் பாக்காத மாதிரி இருந்துடறேன். நம்ம ஊட்டு கேட் மட்டும் எப்பவும் போல கிறீச்சுனு கத்திகினு கீது.

அந்தக் கேட்டுக்காக நாம போட்ட சண்டை கொஞ்சமா? திருமழிசை கம்பெனியில நாள் முச்சூடும் மெஷினோட மாரடிக்கிறவன் நான். இரும்பு கத்தினா எனக்குப் பல்லு கூசும். எண்ணெய் டப்பாவோட கிளம்பினா போதும், உள்ளேருந்தே "யோவ் மாமா, கேட்டு மேல கை வெச்சே, அவ்ளோதான்"னு சவுண்டு உடுவே. ஏன்டான்னு கேட்டா, "அது பாட்டுக்கு கத்தட்டும், உனக்கின்னா?" கண்ணு தெரியாதவன், யார் வர்றா போறான்னு தெரிஞ்சுக்க வெச்சிருக்கான் போலன்னு நானே முடிவு பண்ணிக்கிட்டேன்.

உன் வேலை இன்னதுன்னு ஊர்ல விளக்கறதுக்குள்ள எனக்கு நாக்கு தள்ளிடும். வெப்சைட், ஆப் இதெல்லாம் கண்ணு தெரியாதவங்க, காது கேக்காதவங்க, கை நடுங்கறவங்க யாரானாலும் இன்னொருத்தர் தயவில்லாம பயன்படுத்த முடியுதான்னு அம்பத்தூர் ஆபீஸ்ல சோதிச்சுப் பாக்கறான்னு சொல்வேன். "அவருக்கே கண்ணு தெரியாதேப்பா"ம்பாங்க. அதனாலதான்யா அவன் கில்லாடின்னு சொல்லிட்டு நெஞ்சை நிமித்திக்கினு போவேன். உன் மூஞ்சிக்கு நேரா இதை ஒரு நாளும் சொன்னதில்ல. சொல்லியிருந்தா உன்னைக் கையில புடிச்சிருக்க முடியுமா?

ஞாயித்துக்கிழமையில நீ வேலை பாக்கறதை நான் வேடிக்கை பாத்திருக்கேன். லேப்டாப் திரை இருட்டா இருக்கும். உள்ள இருக்கறதை ஒரு குரல் கடுகு பொரியற வேகத்துல படிச்சுக்கிட்டே போகும். எனக்கு ஒரு எழவும் புரியாது. நீ டீயை உறிஞ்சிக்கிட்டே, "இந்த பட்டனுக்கு பேரே வெக்கல மாமா. வெறும் பட்டன், பட்டன்னுது. எத்த அமுக்கறது?"ன்னு சிரிப்பே.

உன் ஆபீஸ் பசங்க சாவுக்கு வந்தப்ப ஒண்ணு சொன்னாங்க. ஏதோ ஒரு ஆஸ்பத்திரி வெப்சைட்ல டாக்டரைப் பாக்க தேதி எடுக்கணும்னா மவுஸ் இல்லாம முடியாதாம். கண்ணு தெரியாதவன் மவுஸை எங்கேன்னு நகத்துவான்? அதை எழுதினவங்களை உக்கார வெச்சு, திரையை அணைச்சுட்டு, "இப்ப தேதி எடுங்க பாக்கலாம்"னியாமே? நல்லா திண்டாடிட்டு, அவங்களே அன்னைக்கே மாத்த ஆரம்பிச்சுட்டாங்களாம். ஒரு வார்த்தை திட்டலியாம் நீ. அடப்பாவி, திட்டையெல்லாம் எனக்குன்னு சேத்து வெச்சிருந்தியா?

காய்ச்சல்னு ஆஸ்பத்திரிக்குப் போனவன் திரும்பி வரல. அந்தக் கூத்துல யாருக்குச் சொன்னோம், யாருக்குச் சொல்லலன்னே தெரியல. பதினாறாம் நாள் காரியத்துக்கு உங்க பெரியப்பா மகன் நாகராஜ்தான் பூந்தமல்லி பேனர் கடையில கார்டு அடிச்சான். உன் போட்டோ, சுத்தி பூ, ரெண்டு பக்கமும் குத்துவிளக்கு, கண்ணீர் அஞ்சலி. நல்லாத்தான் இருந்தது. அதை அப்படியே உன் போன்லேருந்து உன் சிநேகிதங்க எல்லாருக்கும் அனுப்பிட்டான்.

மறுநாள் சுமதி போனுக்கு மெர்சி கூப்பிட்டாங்க. கண்ணு தெரியாதவங்க பள்ளிக்கூடத்துல உன்னோட படிச்சாங்களே, ஆவடியில இருக்காங்களே, அவங்க. நான்தான் எடுத்தேன்.

"அண்ணா, குமரேசன் நம்பர்லேருந்து ஒரு போட்டோ வந்துகீது. 'போட்டோ'ன்னு மட்டும்தான் போன் படிச்சுச் சொல்லுது, உள்ள இன்னா கீதுன்னு தெரில. அவருக்குப் போன் போட்டா எடுக்க மாட்றாரு. இன்னாண்ணா, கல்யாணப் பத்திரிகையா? எங்க குரூப்பே ஒரே கலாட்டா!"

சிரிக்கிறாங்கடா மச்சான், அந்தப் பக்கம். நான் எப்படிச் சொல்லுவேன்? சொன்னேன்.

நாகராஜைத் திட்டி என்ன பிரயோஜனம்? அந்தப் படத்தை நானும் பாத்தேன். எனக்கும்தானே தோணல! ஆயுசு பூரா நீ எதை எதிர்த்து மல்லுக்கட்டினியோ, அதையே உன் சாவு சேதிக்குச் செஞ்சு வெச்சோம்.

"படம் அனுப்பினா, அதுல இன்னா கீதுன்னு கீழ எழுது மாமா"ன்னு நீ சொல்வியே, அதை அன்னைக்குத்தான் செஞ்சேன். நாள், நேரம், நெமிலிச்சேரி ஸ்டேஷன் எல்லாம் எழுதிட்டேன். உன் போட்டோவுக்கு வந்தப்ப கை நின்னுபோச்சு. "குமரேசன் சிரிக்கிறான். தலை வாரல. மேல் பட்டன் போடல. யாரையோ கிண்டல் பண்ணப் போற மூஞ்சி"ன்னு எழுதினேன். எழுதி மெர்சிக்கு அனுப்பிட்டு குழந்தை மாதிரி அழுதேன். ஆறேழு பேர் வர்றோம்னு மெர்சி பதில் போட்டாங்க.

வழி தெரியாத இடம், துணைக்குக் கண்ணு தெரிஞ்சவங்க யாருமில்ல. உன் சிநேகிதங்க உன்னை வழியனுப்ப வர முடியாம போயிடுமோன்னு எனக்கு அதே கவலை. காரியத்தன்னிக்கு வேட்டியோட ஸ்டேஷன்ல போய் நின்னேன். சொன்ன ரயில் வந்தது, போனது. ஒருத்தரையும் காணோம். அப்ப சுமதி போன்.

"எங்கய்யா கீற? அவங்கல்லாம் வந்து உக்காந்துகினு கீறாங்க!"

முந்தின ரயிலுக்கே வந்துட்டாங்களாம். எப்படிம்மா வழி கண்டுபிடிச்சீங்கன்னு மெர்சிகிட்ட மூச்சிரைக்கக் கேட்டேன். போன வருஷம் நீ பிரியாணிக்குக் கூப்பிட்டு, மழையில வர முடியாம போச்சே, அப்ப நீ அனுப்பின வாய்ஸ் மெசேஜை அவங்க அழிக்கலியாம். போட்டுக் காட்டினாங்க.

"கேளு மெர்சி. ஸ்டேஷனை உட்டு வெளிய வந்தா பஜ்ஜி வாசனை வரும். அது இடது கைப்பக்கம் இருக்கட்டும், நேரா நட. மாவு மில்லு சத்தம் தாண்டினதும் ஒரு நாய் குலைக்கும். பயப்படாத, அதுக்கு குலைக்க மட்டும்தான் தெரியும். அந்தச் சந்துல செவுத்தோரமா வா. காத்துல ஒரு கேட்டு கிறீச் கிறீச்சுங்கும் பாரு, அதான் எங்க ஊடு. எங்க மாமா எண்ணெய் டப்பாவோட அலையறாரு. நான் உட மாட்டேன். நீங்கள்லாம் என்னிக்காவது வருவீங்கல்ல?"

மாலை போட்ட போட்டோவையே பாத்துக்கினு இருந்த சுமதி, எழுந்து வந்து அந்தப் போனைக் கன்னத்துல வெச்சுக்கிட்டா. நான் கேட்டைப் புடிச்சுக்கினு அங்கேயே உக்காந்துட்டேன்.

இப்ப நாகராஜ் காலை வணக்கம் படம் அனுப்பினாக்கூட கீழ "ரோஜாப்பூ, சூரியன்"னு எழுதறான். எழுதலேன்னா நான் உட மாட்டேன். வர்ற ஞாயித்துக்கிழமை மெர்சியும் மத்தவங்களும் பிரியாணிக்கு வர்றாங்க. ஸ்டேஷனுக்கு வரட்டுமான்னு கேட்டேன். வேணாம்ணா, குமரேசன் கூட்டிக்கினு வருவாருன்னாங்க.

எண்ணெய் டப்பாவைக் கம்பெனிக்கே கொண்டு போயிட்டேன் மச்சான். நான் இருக்கற வரைக்கும் அந்தக் கேட்டை ஒருத்தனும் தொட மாட்டான்.

உன் அக்கா புருஷன்,
நீ "யோவ்"னு கூப்பிட ஏங்கற மாமா,
ஏழுமலை