ஊறல் என்று எழுதியது

உடையார்பாளையம்
20-5-1949

என் மனைவி ரத்தினம்மாளுக்கு நல்லுசாமி எழுதுவது. இங்கே நானும் இரண்டு பசுக்களும் சுகம். விழுப்புரத்தில் நீயும் நம் மகள் ஜெகதாம்பாளும் பேரப்பிள்ளைகளும் சுகமாயிருக்க வேண்டும்.

இந்த முறை கார்டில் எழுதாமல் உறையில் ஒட்டி அனுப்புகிறேன். "முந்திரிப்பழம் ஊறல் போட்டிருக்கிறேன்" என்று மருமகனுக்குக் கார்டில் எழுதியது என் பிழைதான். சாணத்தோடு ஊறப்போட்டதை வேறு எப்படி எழுதுவது? மதுவிலக்கு வந்தபின் அந்தச் சொல்லுக்குச் சாராயம் ஒன்றே பொருளாகிவிட்டது. கார்டைப் படித்த எவனோ சொல்லி, போலீஸ் வந்தது.

அவர்கள் வாசலில் நிற்கும்போதே நீ கொல்லை வழியாகக் கிளம்பிவிட்டாய். மீதியைக் கேள். தொட்டியில் கவிழ்த்திருந்த பீப்பாயைத் தூக்கியதும் ஒரு கான்ஸ்டபிள் வேலியோரம் வாந்தி எடுத்தார். இன்ஸ்பெக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இந்த நாத்தத்துல சாராயம் வந்தா சர்க்கார் தடுக்கவே வேணாங்க பெரியவரே" என்று சொல்லிவிட்டுப் போனார். மன்னிப்பு ஒருவரும் கேட்கவில்லை. அதை நான் மறக்கமாட்டேன்.

கொட்டையைத் திருகிக்கொண்டு பழத்தை மரத்தடியில் அழுகவிடுகிறோம். மூடிய தொட்டியில் சாணம் எரியும் வாயுவைத் தருமென்று பத்திரிகையில் படித்தேன். பழம் ஏன் தராது? கேட்டால் பைத்தியம் என்கிறார்கள். எனக்கும் குமிழி வந்தது, ஆனால் தீக்குச்சி அணைந்தது. முகர்ந்தால் ஒரே புளிப்பு.

கிளம்பும்போது நீ, "புளிச்ச கள்ளுதான இது? புளிக்காம இருக்கப் பதநீர்க் கலயத்துக்குத் தடவுற மாதிரி சுண்ணாம்பத் தடவித் தொலைங்க!" என்றாய். நாலு நாள் அந்த வசவையே யோசித்தேன். பிறகு அரியலூர்க் காளவாய்ச் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றினேன். பழத்தை நிறுத்திச் சாணம் மட்டும் சேர்த்தேன். இருபதாம் நாள் பீப்பாயில் பொருத்திய குழாய் முனையில் நீலமாகப் பற்றியது! புகையில்லை, கரியில்லை. இப்போது தினம் அரைக்கூடை பழம் போட்டும் எரிகிறது.

ஊரில் எல்லாம் என் யோசனை என்றே சொல்லியிருக்கிறேன். மாற்றிச் சொல்லமாட்டேன். ஜெகதாம்பாள், இதை மட்டும் உன் அம்மாவுக்கு இரண்டு தரம் படி: சுண்ணாம்பு அவள் சொன்னது.

தொட்டியைத் தூர்த்தால்தான் வருவேன் என்றாயாம். தூர்க்கமாட்டேன். நேற்று அந்தத் தீயில் உலை வைத்தேன். தளதளவென்று கொதித்தது. ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி என்று தெரியாமல் வெந்நீராகவே குடித்துவிட்டேன்.

வியாழக்கிழமை பகல் ரயிலுக்கு அரியலூர் ஸ்டேஷனில் வண்டியோடு நிற்பேன். நீ இறங்காவிட்டால் வெள்ளிக்கிழமையும் நிற்பேன்.

பேரப்பிள்ளைகளுக்கு என் ஆசி. உனக்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை.

நல்லுசாமி