அண்ணன் ரேடியோவை அணைத்துவிட்டான்

1-1-1978, ஞாயிறு

நாளைக்குக் கடலுக்குப் போகவேண்டும் என்று, காற்று நிலவரம் கேட்க அண்ணன் ரேடியோ போட்டான். அதற்குள் விளையாட்டுச் செய்தி வந்துவிட்டது. கல்கத்தாவில் நம் பெண்கள் நூறு ரன்கூட எடுக்கவில்லையாம். இங்கிலாந்துக்காரிகள் ஒரே ஒரு விக்கெட்டை விட்டுக்கொடுத்து ஜெயித்துவிட்டார்கள்.

நான் குசினியில் சீலா மீன் பொரித்துக்கொண்டிருந்தேன். அடுத்து கேலி பண்ணப்போகிறான் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். போன வருஷம் மெட்ராஸுக்கு என்னைக் கிரிக்கெட் அணித் தேர்வுக்குக் கூப்பிட்டு வந்த கடிதத்தை, "பொம்பளப்பிள்ளைக்கு என்ன பந்தாட்டம்?" என்று கிழித்துப்போட்டவன் அவன்.

காற்று நிலவரம் வருமுன்னே ரேடியோவை அணைத்துவிட்டான். குசினி வாசலில் வந்து நின்றான்.

"ஏளா, நீ நின்னு ஆடியிருந்தா இம்புட்டு மோசமாத் தோத்திருக்க மாட்டாவ" என்றான்.

கடிதத்தைக் கிழித்த அன்றுகூட நான் அழவில்லை. இன்றைக்கு மீன் கருகுகிறவரைக்கும் அழுதேன். கருகினதையே மிச்சம் வைக்காமல் தின்றுவிட்டு, காற்று எப்படி என்று தெரியாமலே படுத்துவிட்டான்.

ஒரு வருஷமாக அவனை மனசுக்குள் திட்டித் திட்டித்தான் தூங்கினேன். இன்றைக்கு அதற்கும் வழியில்லாமல் பண்ணிவிட்டான், பாவி.