பெயர் சொல்லாத பட்டன்கள்

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். நீங்களும் தங்கச்சியும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இங்கே உடம்புக்கு யாருக்கும் ஒன்றும் இல்லை. மற்றதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

கையில் போன் இருக்கும்போது இவள் ஏன் காகிதத்தைத் தேடிப் பிடித்து எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் உங்கள் அண்ணன் காதில் விழும். அடுத்த அறையில் ஊசி விழுந்தால் எந்தப் பக்கம் உருண்டது என்று சொல்லும் காது அது. மெசேஜ் அனுப்பினால், அவர் என் போனை எடுக்கும்போது வாயாடி படித்துக் காட்டிவிடுவாள். கம்ப்யூட்டரிலும் போனிலும் திரையில் இருப்பதையெல்லாம் அவருக்கு வாசித்துச் சொல்லும் அந்தப் பெண்குரலுக்கு நாங்கள் வைத்த பெயர் அதுதான். என்னைவிட அவளோடுதான் அவர் அதிகம் பேசுகிறார் என்று, கோபம் வந்தால் நான் அவளைச் சக்களத்தி என்றும் சொல்வதுண்டு. அவளால் வாசிக்க முடியாதது என் கையெழுத்து ஒன்றுதான். பார்வை இல்லாதவருக்குத் தெரியாமல் எழுதுவது எனக்கே உறுத்துகிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். அச்சகத்தில் உட்கார்ந்து பிழை திருத்துகிறேன். காற்புள்ளியைக்கூட நம்பாமல் நம்பாமல், இப்போது யாரையும் சட்டென்று நம்ப வருவதில்லை. நான் எழுதுவதில் சந்தேகம் கொஞ்சம் தூக்கலாகத் தெரிந்தால் அது தொழில் புத்தி என்று பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாட்டில் குரலையும் வாத்தியங்களையும் சேர்த்துச் சீராக்கும் உங்கள் கம்பெனியின் மிக்சிங் மென்பொருள் புதிய முகத்தோடு வந்ததே, அன்றைக்குத் தொடங்கியது எல்லாம். காலையில் அவர் வழக்கம்போல் ஸ்டுடியோ அறைக்குப் போனார். நான் அச்சகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். உள்ளே வாயாடி பேசுவது கேட்டது. வழக்கமாக அவள் பேசுவது எனக்கு மனப்பாடம். "வயலின், ஒலி அளவு, மூணு குறைவு. பாடகி குரல், இடப்பக்கம்," என்று மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போவாள். அதைக் கேட்டுக்கொண்டே அவர் விரல் விசைப்பலகையில் ஓடும். அன்றைக்கு அவள் சொன்னது ஒரே வார்த்தை. "பட்டன். பட்டன். பட்டன். பட்டன்."

நான் உள்ளே போய்ப் பார்த்தேன். திரை முழுக்கச் சாம்பல் நிறம். எழுத்து இருந்த இடத்தில் எல்லாம் சின்னச் சின்னப் படம். பார்க்க அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. கண் உள்ள எனக்கே எது எதற்கு என்று புரியவில்லை. அந்தப் படங்களுக்கு உள்ளே பெயர் என்று ஒன்றை யாரும் எழுதி வைக்கவில்லை போலிருக்கிறது. பெயர் இல்லாததை வாயாடி எப்படி வாசிப்பாள்?

யார் இதைப் போட்டது என்று கேட்டேன். "தெரியலையே, தானா வந்திருக்கும்," என்றார். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்ட விதம் எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனாலும் முதல் சந்தேகம் கம்ப்யூட்டர் கடைக்காரர் மேல்தான் போனது. அந்த வாரம்தான் வந்து உள்ளே இருந்த விசிறியை மாற்றிவிட்டுப் போயிருந்தார். போன் போட்டுப் பிடிபிடி என்று பிடித்தேன். "அக்கா, நான் விசிறியைத் தவிர எதையும் தொடல. தூசி துடைச்சது குத்தமா?" என்று பாவம், அழாத குறையாகச் சொன்னார்.

அடுத்தது நீங்கள். ஆமாம் தம்பி, ஒளிப்பானேன். ஏதாவது கோளாறு என்றால் நீங்கள் அங்கிருந்தபடியே எங்கள் கம்ப்யூட்டருக்குள் வந்து சரிசெய்துவிட்டுப் போவீர்களே. அந்தத் திரையை வரைகிற குழுவில் நீங்களும் இருக்கிறீர்கள். கம்பெனியில் நல்ல பெயர் வாங்க, வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே முதலில் ஏற்றிவிட்டாரோ என்று நினைத்தேன். வாயைத் திறக்கவில்லை. மனத்துக்குள் முள் மாதிரி கிடந்தது.

பழையதைத் திரும்பப் போட்டுத் தருகிறேன் என்று கடைக்காரர் வந்தார். நான் திட்டியதை மனத்தில் வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் புதியதில் ஒருமுறை திறந்து சேமித்த பாட்டைப் பழையது திறக்க மறுத்துவிட்டது. பாதி வேலை அதற்குள் மாட்டிக்கொண்டது. யாருடைய பாட்டு என்று கேட்காதீர்கள், 'இன்னொருதடவை'யுடைய பாட்டு. அந்த இசையமைப்பாளரை உங்களுக்கு நினைவிருக்கும். எதைப் போட்டுக் காட்டினாலும் "இன்னொரு தடவை" என்பாரே, அவர்தான்.

உங்கள் அண்ணன் அசரவில்லை. பட்டன்களை வரிசையாக மனப்பாடம் செய்தார். அதற்குப் பின் இது, இதற்குப் பின் அது என்று உதடு அசைத்தபடியே சாப்பிட்டார். ஒரு மாதிரி கை பழகியது. அந்த நேரம் பார்த்து உங்கள் கம்பெனி சின்னத் திருத்தம் ஒன்றை அனுப்பியது. வரிசை கலைந்துவிட்டது. ஒலியைக் கூட்டப் போன இடத்தில் ஒரு வாத்தியத்தின் ஒலித்தடமே அழிந்தது. அன்றைக்கு அவர் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. எறியவில்லை. மெதுவாகத்தான் வைத்தார்.

பிறகு நான் லீவு போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவருக்குக் காது, எனக்குக் கண் என்று ஏற்பாடு. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நாங்கள் அவ்வளவு சண்டை போட்டதில்லை. "குரலுக்குக் கீழ இருக்குல்ல, அதைத் தொடு," என்பார். கீழே என்ன இருக்கிறது, ஒரு துளி, ஒரு குடை மாதிரி ஒரு படம். "குடையா, துளியா?" என்று நான் கேட்பேன். "பாட்டுல எங்கடி குடை வந்துச்சு?" என்று அவர் கத்துவார். பிறகு இரண்டு பேரும் சிரிப்போம். அவர் நினைத்த மாத்திரத்தில் செய்து முடிப்பதை, சொல்லி, நான் தேடி, தப்பாகத் தொட்டு, திரும்பச் செய்வதற்குள் அவர் காதில் பிடித்து வைத்திருந்த ஒலி நழுவிவிடும். "போச்சு," என்பார். அதற்கு அப்புறம் சிரிப்பு வராது.

எப்படியோ முடித்தோம். முதலிலிருந்து கடைசிவரை கேட்டு, "அனுப்பிடு," என்றார். அனுப்பும் பட்டனைத் தேடி நான் மவுஸின் சக்கரத்தை உருட்டினேன். பழையதில் உருட்டினால் திரை மட்டும் நகரும். புதியதில், அம்பு எதன்மேல் நிற்கிறதோ அதன் ஒலி அளவே மாறுகிறது. அம்பு வயலின்மேல் நின்றிருக்கிறது. வயலின் அடியோடு இறங்கியதை நான் பார்க்கவில்லை. அந்தப் பாட்டுக்கு உயிரே வயலின்தான்.

இசையமைப்பாளர் கூப்பிட்டார். அன்றைக்கு அவர் "இன்னொரு தடவை" என்று சொல்லவில்லை. "பரவால்ல, மீதிய வேற இடத்துல பாத்துக்கறேன். சாருக்குக் கொஞ்சம் ரெஸ்ட் குடுங்க," என்றார். தவறு என்னுடையது என்று நான் எவ்வளவோ சொன்னேன். "சேச்சே, அவர் கஷ்டம் எனக்குப் புரியாதா?" என்றார். இத்தனை வருடம் அவர் காதை நம்பி வந்த மனிதருக்கு, ஒரே நாளில் அவருடைய கண் ஞாபகம் வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. உங்களைக் கேட்டே தீர்வது என்று போனை எடுத்தேன். எண்ணை அழுத்துவதற்குள் உங்கள் அண்ணன் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவனை ஒண்ணும் கேக்காதே. நான்தான் போட்டேன்," என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருந்ததை, அதுவும் பாதி வேலையில், எதற்காக மாற்றினீர்கள் என்று கேட்டேன்.

"'முழுக்க நான் வரைஞ்சதுண்ணா'ன்னு தம்பி சொன்னான். அவன் வரைஞ்சது எப்படி இருக்குன்னு பாக்கணும்னு ஆசையா இருந்துச்சு," என்றார்.

பாக்கணும் என்றுதான் சொன்னார் தம்பி. நான் அவர் வார்த்தையை மாற்றவில்லை.

பட்டன் எதுவும் பேசவில்லை என்பதை ஏன் உங்களிடம் மறைத்தார் என்று கேட்டதற்கு, "சின்னப் பையன், மனசு நொந்துருவான்," என்றார். உங்களுக்குத் தலை நரைக்கத் தொடங்கிவிட்டது என்று நான் சொல்லித்தான் அவருக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கூப்பிட்டு எப்படி இருக்கிறது என்று கேட்டபோது, "சூப்பர்டா, வழுக்கிக்கிட்டுப் போகுது," என்றார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். கொஞ்சம் இடைவெளி விட்டுத்தான் "சரிண்ணா" என்றீர்கள். அந்த இடைவெளியைத்தான் நான் அன்றிலிருந்து திருப்பித் திருப்பி வாசித்துக்கொண்டிருக்கிறேன்.

உங்களுக்குத் தெரியும், இல்லையா? பெயர் வைக்காவிட்டால் வாயாடி ஊமையாகிவிடுவாள் என்று அந்தக் கம்பெனியில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் உங்களுக்குத் தெரியும். அவளை இந்த வீட்டுக் கம்ப்யூட்டரில் முதன்முதலில் பேச வைத்ததே நீங்கள்தானே.

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். போன வருடம் உங்கள் அலுவலகத்தார், மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்களைப் பார்த்துப் பேச வேண்டும் என்றார்கள் என்று வீடியோவில் கூப்பிட்டீர்கள். நான் கதவருகில் நின்றிருந்தேன். "அண்ணா, கேமராவைப் பாக்க வேணாம். கீபோர்டு பக்கம் திரும்பி, வேலை செய்யற மாதிரி உக்காருங்க. அது போதும்," என்றீர்கள். வெளிச்சத்துக்காகச் சொல்கிறீர்கள் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். திரையில் எந்த நிறம் உங்களுக்கு வசதி என்று ஒரு பெண் அவரைக் கேட்டாள். அவர் வாயெடுப்பதற்குள் நீங்கள் பதில் சொல்லிவிட்டீர்கள். அன்றைக்கு அவர் புதுச்சட்டை போட்டிருந்தார்.

உங்கள் அலுவலகத்தில் ஒருவருக்காவது தெரியுமா தம்பி, உங்கள் அண்ணனுக்குப் பார்வை இல்லை என்று?

வெட்கமாக இருக்கும் என்று நான் எழுத மாட்டேன். அனுதாபப்படுவார்கள் என்று பயந்திருக்கலாம். வேலையில் சேர்ந்த புதிதில் சொல்லாமல் விட்டது, பிறகு சொல்ல வழியில்லாமல் போயிருக்கலாம். என்னவோ ஒன்று. என் சந்தேகம் வீண் என்றால் நாலு வார்த்தை திட்டி எழுதுங்கள், சந்தோஷமாக வாங்கிக்கொள்வேன்.

நேற்று ஒரு பாடகி கூப்பிட்டாள். நல்ல குரல், சின்ன வேலை. உங்கள் அண்ணன், "இப்ப முடியாதும்மா, வேற யாரையாவது பாருங்க," என்றார். வந்த வேலையை அவர் வேண்டாம் என்று சொல்லி நான் கேட்டது இதுதான் முதல்முறை. போனை வைத்துவிட்டு, மழை வரும் போலிருக்கிறது, துணியை எடு என்றார். மழை வரும் அறிகுறியே இல்லை. நான் போய்த் துணியை எடுத்தேன்.

சின்ன வயதில் நீங்கள் இருவரும் கடைக்குப் போகும்போது, வழி நெடுக ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போவீர்களாம். இங்கே பச்சைக் கதவு, இங்கே நாய் படுத்திருக்கிறது, இந்த வீட்டுக்காரர் மீசையை எடுத்துவிட்டார் என்று. அவர் கேட்காமலே சொல்வீர்களாம். இதைச் சொல்லும்போது அவர் முகத்தை நீங்கள் பார்க்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவீர்கள். நன்றாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள், நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார். எது எது வேலை செய்யவில்லை என்று கேளுங்கள். மழுப்புவார், விடாதீர்கள். கோபப்படுவார், படட்டும். தம்பி மேல் கோபப்பட்டால் தம்பி போய்விடுவான் என்கிற பயம் அவருக்கு இருக்கிறது. அந்தப் பயத்தை நீங்கள்தான் எடுக்க வேண்டும், என்னால் ஆகாது. அவர் சொல்லி முடித்ததும் உங்கள் அலுவலகத்தில் போய்ச் சொல்லுங்கள். யாரோ ஒருவர் புகார் எழுதியிருக்கிறார் என்று சொல்லாதீர்கள். எங்கள் அண்ணன் சொன்னார் என்று சொல்லுங்கள்.

நீங்கள் வரைவதெல்லாம் நன்றாக வர வேண்டும், நாலு பேர் மெச்ச வேண்டும். மெச்சுகிற அந்தக் கூட்டத்தில் ஒருநாள் உங்கள் அண்ணனும், கேமராவைப் பார்த்து நேராக உட்கார்ந்திருக்க வேண்டும். தங்கச்சிக்கு என் அன்பு.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
அண்ணி