சிவப்பு விளக்கும் ரெம்பிட் பையனும்

செவ்வாய், இரவு

இன்னும் தூக்கம் வரவில்லை. மாலையில் யோங் பெங் சந்தையிலிருந்து திரும்பும்போது, சமிக்ஞை விளக்குச் சந்திப்பில் ஒரு மோட்டார் சைக்கிள் என் காருக்கு முன்னால் பாய்ந்தது. பிரேக்கை மிதித்தேன். ஓட்டி வந்த பையன் மயிரிழையில் தப்பினான். அலறும் எக்ஸாஸ்ட், ஹெல்மெட்டில் மண்டை ஓட்டுப் படம். ரோட்டில் பந்தயம் விடும் ரெம்பிட் கும்பல்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். கண்ணாடியை இறக்கி, "உங்கப்பன் வீட்டு ரோடாடா? இந்தக் காலத்துப் பசங்க எவனுக்கும் பொறுமையே இல்ல" என்று கத்தினேன்.

திருப்பி ஏசுவான் என்றுதான் நினைத்தேன். அவன் வண்டியை ஓரங்கட்டிவிட்டு வந்து ஜன்னலில் குனிந்தான்.

"அங்கிள், எனக்குத்தான் பச்சை. உங்களுக்கு இன்னும் சிவப்பு லா."

நிமிர்ந்து பார்த்தேன். சிவப்புதான்.

"பரவால்ல அங்கிள். பயப்படாதீங்க, மெதுவா போங்க" என்றான். அவன் பக்கம் பச்சையில் வந்து ஹார்ன் அடித்தவர்களைக் கைகாட்டி நிறுத்தி வைத்தான்.

அந்தக் குரல் எனக்குத் தெரியும். அப்பாவின் கடைசிக் காலத்தில் நான் அவரிடம் அப்படித்தான் பேசினேன். அவன் ஏசியிருந்தால் இந்நேரம் தூங்கியிருப்பேன்.

எட்டு மணிக்கு மகள் போன் செய்தாள். "அப்பா, நாளைக்குப் பாப்பாவ ஸ்கூல்லேர்ந்து நீங்க ஏத்திக்கிறீங்களா?"

சரிம்மா என்று சொல்லிவிட்டேன்.

சிவப்பைப் பார்க்காமல் போனது இன்றுதான் முதல் தடவையா? இல்லை, மற்ற நாட்களில் குறுக்கே யாரும் வரவில்லையா?